லாரிக் கதவின் நகல்

ஆகஸ்ட் 12, சத்தியவேடு.

இன்று பாஸ்கர் என் வீட்டுக்கே வந்தான். நான் காசு கொடுத்து வாங்கிய லாரி மாடலுக்கு ரப்பர் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, எனக்கென்று இன்னொரு லாரி செய்துகொண்டேன். அதற்காக, நாங்கள் வேலை பார்க்கும் ஸ்ரீ சிட்டி கேண்டீனில் எல்லோர் முன்னாலும் என்னைத் திருடன் என்றவன் இவன். அந்த மாடலைச் செய்து விற்பவன் வயிற்றில் அடிக்கிறேனாம்.

அவனிடமும் அதே லாரி இருக்கிறது. கதவு உடைந்துவிட்டதாம்.

"உன் கதவைக் குடு மச்சான், அச்சு எடுத்துக்கினு தந்துடறேன். எனக்கு மட்டும்தான், விக்கவா போறேன்?"

அன்றைக்கு நான் சொன்னதும் இதைத்தான். அப்போது அவன் காதில் ஏறவில்லை.

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அசல் லாரியின் கதவை அல்ல, நகலின் கதவை. அச்சில் வார்த்தது கொஞ்சம் சுருங்கும். அதிலிருந்து மறுபடி வார்த்தால் இன்னும் சுருங்கும். எப்படி வைத்து ஒட்டினாலும் அவன் லாரியில் சந்து தெரியும்.

நான் செய்தது திருட்டா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. அது கிடக்கட்டும்.

நாளைக்கோ மறுநாளோ, கதவு ஏன் பொருந்தவில்லை என்று கேண்டீனில் வந்து கேட்பான். எல்லோர் முன்னாலும்தான் சொல்வேன்: "திருட்டுக் கதவு எப்படி மச்சான் சரியா உக்காரும்?"