ஏரிக்கீழ்ப்பாடியில் கட்டிய தோரணம்

நலம் சூழ்க. நீர்வளம் நிலைபெறுக.

தண்புன நாட்டை முறைசெய்து காப்பவரும், ஏழ்குன்றம் கொண்டவரும், வெண்குடை நிழலில் குடிகளைத் தாங்குபவருமான கோப்பெருந்தேவி கொற்றங்கோதையார், வாளையேரிக் கோட்டத்து அதிகாரி நம்பன் விழுப்பரையர் கண்டு தெளியுமாறு விடுக்கும் திருமுகம். உமது கோட்டத்துக் குடிகளும் கன்றுகாலிகளும் இனிது வாழ்க. நமக்கு இன்னும் பட்டங்கள் பல உள. அவற்றை எழுதப் புகுந்த ஓலைநாயகத்தை நாமே கையமர்த்தினோம். அவை உமக்கு மனப்பாடம் என்பதைக் கோட்டம் முழுதும் அறிந்துவிட்டது.

வாளையேரியின் தென்கரை உள்ளே அரித்துப் போயிற்று, அடுத்த பெருமழையைத் தாங்காது, ஆதலால் கரையடியில் உள்ள ஏரிக்கீழ்ப்பாடி மக்கள் மேட்டுநிலத்துக்குப் பெயர வேண்டும் என்று உமக்கு ஆணை விடுத்திருந்தோம். அவர்கள் அறிந்த முகம் உம்முடையது என்பதால், ஊர் மன்றில் நின்று உம் வாயாலேயே சொல்லப் பணித்தோம். நீர் நின்றீர், அதை மறுப்பார் இல்லை. நின்று, ஓலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், நம் பாட்டனார் வென்ற போர்களில் தொடங்கி, நம் குடையின் வெண்மையில் திளைத்து, நம் யானைகளின் பெயர்களையும் ஒன்று விடாமல் ஓதினீராம். மீன் உலர்த்தும் பெண்ணொருத்தி எழுந்து, ஐயா வந்த காரியம் யாது என்று பணிந்து கேட்க, நீர் வியர்த்து, விட்ட இடம் தெரியாமல், மீண்டும் பாட்டனாரிடமே போய்ச் சேர்ந்தீராம். வெயில் ஏறிற்று, மக்கள் கலைந்தனர். கரை என்ற சொல் உம் வாயிலிருந்து வரவே இல்லை.

இத்தனை புகழ்ச்சியைக் கேட்டவர்கள், அரசி எழுந்தருளப் போகிறாள் என்று எண்ணிவிட்டார்கள். இன்று அத்தெருக்களில் மாவிலைத் தோரணம் கட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்று நம் ஒற்றர் வந்து சொன்னார். காலி செய்ய வேண்டிய வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்த அதிகாரி இந்நாட்டில் உமக்கு முன் எவரும் இலர்.

தொண்டை கட்டியதென்றும், எதிர்காற்று வீசியதென்றும், குழந்தைகள் அழுதனவென்றும், இனி முரசறைவோனை அனுப்பியருள வேண்டுமென்றும் விண்ணப்பம் எழுதியிருக்கிறீர். விருந்துப் பந்தியில் சமையற்காரரை அதட்டும்போது அத்தொண்டை ஒருநாளும் கட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. முரசு செய்தி சொல்லும். பிறந்த வீட்டை விட்டு எழுந்து வா என்று ஒருவரை அழைக்க அதற்குத் தெரியாது. அஞ்சினேன் என்று எழுதியிருந்தால் பாதி பொறுத்திருப்போம். கூட்டத்தின் முன் எவருக்கும் முழங்கால் நடுங்கும், நமக்கும் நடுங்கும். நடுங்கிக்கொண்டே சொல்வதற்குத்தான் உமக்கு நிலமும் பல்லக்கும் விட்டிருக்கிறோம்.

நாளை மறுநாள் காலை அதே மன்றில் மீண்டும் நிற்பீராக. கையில் ஓலை இருக்கலாகாது. கூட்டம் முழுவதையும் பார்த்து மிரள வேண்டா. அந்த மீன்காரப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடி, அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குச் சொல்லும். முதற்சொல்லே கரை என்பதாக இருக்கட்டும். மேட்டில் கூரை உண்டா, நெல்லுக்கும் வலைக்கும் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும். பிறகு வாயை மூடி, அவர்கள் எண்ணிப் பார்க்க இடம் கொடும். நம் பெயரை ஒருமுறையும் எடுக்கலாகாது.

இனி ஆணை. தோரணம் கட்டியவர்களை ஏமாற்ற நமக்கு மனமில்லை. ஆதலால் நாம் வருகிறோம். கரையின் அடியில், கடைசி வீட்டில் தங்குவோம். உம் பேச்சைக் கேட்டு அவ்வூரின் கடைசி ஆள் மேடேறிய பின்னரே நாம் எழுவோம். மேற்கே முகில் திரண்டிருக்கிறது. இம்முறையும் நீர் பாட்டனாரிடம் போனால், அப்பட்டங்களைக் கேட்க எவரும் மிஞ்சியிரார், வெள்ளத்துக்குச் சொல்லிக்கொள்ளும்.

இது நம் வாய்மொழி. ஓலைநாயகம் எழுத, ஆம்பல் இலச்சினை நம் கையால் இட்டோம். ஓலை கொணர்வோனிடம் மறுமொழி தர வேண்டா. மன்றில் எழும் உம் குரல் அந்தக் கடைசி வீடு வரை கேட்க வேண்டும், அதுவே மறுமொழி.