உன் மகன் உனக்காக மயங்கி விழவில்லை, மச்சான்

அன்புள்ள மச்சான் செல்லமுத்துவுக்கு,

நீ போன இடத்திலும் யாரையாவது பிடித்து உட்கார வைத்து எதையாவது விளக்கிக்கொண்டிருப்பாய். அந்த ஆளைக் கொஞ்சம் விட்டுவிட்டு இதைப் படி. நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது என்று நினைக்காதே. நானே எழுதுகிறேன். இந்த ஒரு பத்திக்கே காலைப்பொழுது போய்விட்டது. போகட்டும், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் நீ எழுத்தர். நான் உரத்துக்கு வந்து நிற்கும்போதெல்லாம் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்குவாய். "எழுத்து உனக்கெதுக்கு மாப்ள, அதுக்குத்தான் நான் இருக்கறனே" என்பாய். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உன் தங்கையைக் கட்டினவன், பிறகு என் மகள் கவிதாவை உன் மகன் சரவணனுக்குக் கொடுத்தவன். பெண்ணைக் கொடுத்தவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

நீ இருந்தவரை உன்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டேன். காகிதத்தில் "நீ" என்று எழுதிப் பார்த்தேன். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. உனக்கும் அது போதும்.

நீ போன பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். யார் துணையும் இல்லாமல் நான் முழுதாகப் படித்து முடித்த முதல் சங்கதி எது தெரியுமா? பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த உன் முதலாமாண்டு நினைவு போஸ்டர். "அறிவுக் களஞ்சியமே, எங்கள் குல விளக்கே." ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். எங்கள் ஊர் பஸ் வந்து போயே விட்டது. இதைப் படிக்கவா இந்த வயதில் எழுத்துக் கற்றோம் என்று ஆகிவிட்டது. உன் படம் மட்டும் நன்றாக இருந்தது. வாய் மூடியிருந்தது.

உனக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. உன்னை எரித்த அன்று சரவணன் மயங்கி விழுந்தான். அப்பன் மேல் வைத்த பாசத்தில் விழுந்தான் என்று ஊர் பேசியது. நீ கேட்டிருந்தால் குளிர்ந்து போயிருப்பாய். அப்படி இல்லை, மச்சான். உடம்பில் சர்க்கரை குறைந்து விழுந்தான். நீ வைத்த மருந்தளவினால் விழுந்தான்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன், நீ குறுக்கே பேசாதே. சரவணனுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்த சர்க்கரை நோய். நம்மைப் போன்ற கிழவர்களுக்கு வருவது வேறு. இவனுக்கு வந்தது முதல் வகை. உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை, ஊசியில்தான் உயிர். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, குச்சியாக இளைத்துப்போன பையனைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடியது நீதான். அன்றிலிருந்து காலையும் இரவும் தவறாமல் ஊசி போட்டதும் நீதான். அதை நான் மறுக்கமாட்டேன். எழுதியே கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

ஆனால் சேலத்து டாக்டர் எந்தக் காலத்திலோ சொன்ன அளவை அப்படியே பிடித்துக்கொண்டாயே, அதை என்னவென்று சொல்வது? வாழைத்தார் வெட்டி லோடு ஏற்றும் நாளிலும் அதே அளவு. காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளிலும் அதே அளவு. கிடா விருந்துக்கும் அதுதான், அமாவாசை விரதத்துக்கும் அதுதான். பையனுக்கு மீசை முளைத்து, கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்த பிறகும் சிரிஞ்சில் மருந்து ஏற்றும் வேலையை நீ அவனிடம் விடவில்லை. மீட்டரில் எண் ஏறினால் "எங்கடா போய்த் தின்னே?" என்று கேட்பாய். இறங்கினால் "எப்படி என் அளவு?" என்று எங்களைப் பார்ப்பாய்.

உன்னிடம் நல்ல பெயர் வாங்க அவன் என்ன செய்தான் தெரியுமா? டாக்டரிடம் போவதற்கு முன்னால் பட்டினி கிடந்தான். நல்ல எண் வரும், டாக்டர் பழைய மருந்தையே தொடரச் சொல்வார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்டால், "எதுக்குங்க? நான்தான் தெனமும் பாக்கறனே" என்று நீயே பதில் சொல்லிவிடுவாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு இன்சுலினைப் பற்றி வகுப்பு எடுப்பாய். அறிவுக் களஞ்சியம்!

விடியும் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அப்படியே போய்விட்டாய். பந்தல் போட ஆள் வந்து நிற்கிறது. சரவணன் அழுதுகொண்டே உள்ளே போய், முதல் தடவையாகத் தன் கையாலேயே சிரிஞ்சில் மருந்தை ஏற்றினான். உன் அளவு. ஒரு சொட்டுக் கூடவில்லை, குறையவில்லை.

கவிதா கையைப் பிடித்தாள். "ஏனுங்க, எழவூட்ல அடுப்பு எரியாதுங்க. எடுக்கற வரைக்கும் உங்களுக்குச் சோறு கெடையாது. கொறைச்சுப் போடுங்க."

"அப்பா வச்ச அளவு. அவரு அங்க கெடக்கறப்பவே அத மாத்தச் சொல்றியா நீ?"

போட்டுக்கொண்டான். உன் மூத்த மகள் பெங்களூரிலிருந்து வந்து சேரவேண்டும் என்று மத்தியானம் தாண்டியும் உன்னை எடுக்கவில்லை. நீ இருந்தபோதும் எங்களைக் காக்க வைத்தாய், செத்தும் காக்க வைத்தாய். பெண்கள் தெருமுனையோடு நிற்கும்போது கவிதா கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் மடியில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றைச் செருகினாள். "அப்பா, அவரு தடுமாறுனா இத வாயில போடுங்க. தண்ணியக் கிண்ணிய ஊத்தீராதீங்க, பொரையேறிக்கும். கன்னத்துக்குள்ள கொஞ்சங் கொஞ்சமாத் தேய்ச்சு உடுங்க. யாரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க."

காவிரிக்கரையில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உன்னைச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் கால் பின்னியது. நனைந்த வேட்டிக்கு மேலே வேர்வை வேறு ஊற்றியது. நின்றான். சுற்றிலும் பார்த்தான். "அப்பா எங்க? அப்பாவ வரச் சொல்லுங்க" என்றான். கூட்டம் ஓவென்று அழுதது. அடுத்த சுற்றில் குடத்தோடு சாய்ந்தான்.

உன் பங்காளி மேக்காட்டுக்காரர் இருக்கிறாரே, அவர்தான் முதலில் ஆரம்பித்தார். "பாருங்கய்யா பாசத்த! அப்பங்கூடவே போகப் பாக்கறான்!" ஒருவர் துண்டால் விசிறினார். ஒருவர் போனில் படம் பிடித்தார். நான் உள்ளே புகுந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன்.

"கொள்ளி வெக்கறவன் வாயில பண்டம் போடறயா? அறிவிருக்குதா செங்கோடா உனக்கு?" என்று மேக்காட்டுக்காரர் கத்தினார்.

"அறிவு பூராம் அங்க படுத்திருக்குதுங்க. எங்கிட்டச் சக்கரதான் இருக்குது" என்றேன்.

உண்மையாகவே சொன்னேன், மச்சான். உன் ஆட்களை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. உனக்குக் கேட்டிருக்குமோ என்று ஒரு நிமிஷம் பயந்தும் போனேன்.

மகள் சொன்னபடி கன்னத்துக்குள் தேய்த்தேன். நல்லவேளை, விழுங்கினான். கண் தெளிந்ததும் அவன் கையை என் கையால் பிடித்துக்கொண்டு உனக்குக் கொள்ளி வைக்க வைத்தேன். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

காரியத்தன்று பார்த்தால் கதை வளர்ந்திருந்தது. சரவணன் சிதையில் குதிக்கப் போனானாம், நாலு பேர் சேர்ந்து இழுத்தார்களாம், அதில் மேக்காட்டுக்காரரும் ஒருவராம். இலையில் வடையை வைத்துக்கொண்டு சொல்கிறார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு முன்னால்தானா காலமெல்லாம் பெருமை பேசினாய்?

அவர்கள் பேசட்டும். எனக்கு எரிச்சல் மூட்டியது உன் மகன். அவனும் அந்தக் கதையை நம்பினான். உன் அளவையே தொடர்ந்து போட்டுக்கொண்டான். சிலர் அப்பன் படத்துக்கு விளக்கு வைப்பார்கள், இவன் உன் நினைவாக ஊசி போட்டான். நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கவிதாவும் நானும் அழைத்துக்கொண்டு போனோம்.

"அப்பா வச்ச அளவுங்க. மாத்த மனசு வரலீங்க" என்றான்.

"உங்கப்பா டாக்டரா?"

"இல்லீங்க. சொசைட்டில எழுத்தருங்க."

அந்தம்மா சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். "தினமும் ஒரே அளவு சாப்பிடறீங்களா? ஒரே அளவு வேலை செய்யறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். "அப்புறம் மருந்து மட்டும் எப்படி ஒரே அளவா இருக்கும்?" ஆனாலும் மாற்றாமலே வந்துவிட்டான்.

அடுத்த தார் வெட்டின்போது லாரியின் பின்கதவில் நெற்றியை இடித்துக்கொண்டு சரிந்தான். நல்ல வேளை, கவிதா பக்கத்தில் இருந்தாள். தையல் போட்டுக்கொண்டு வந்தவனை வாழைத்தோட்டத்து வரப்பில் உட்கார வைத்தேன்.

"மாப்ள, அன்னிக்கு ஆத்தங்கரையில நீ உழுந்ததும் இதே மாதிரிதான். பாசத்துல இல்ல."

"இல்லீங்க மாமா. நான் அப்பாவுக்காக உழுந்தேன். ஊரே பாத்துச்சு."

"ஊரு பாத்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. குடம் தோளில் ஏறியது வரைதான் தெரியும். அதற்கு மேல் ஊர் சொன்ன கதைதான் அவனிடம் இருந்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். சரிதானா, மச்சான்? நீயாக இருந்தால் இதற்கு ஒரு பொழுது முழுக்கப் பதில் சொல்வாய். பதில் வராது என்ற தைரியத்தில்தான் கேட்கிறேன்.

அதன் பிறகு அவன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். எதிரே வந்தால் வரப்பு மாறிப் போனான். மாப்பிள்ளை பேசாத வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போவேன்? ஒரு நாள் அவனாகவே வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மாமா, அன்னிக்குக் கொள்ளி வெச்சனா நானு?"

"வெச்சே சாமி. எங்கையப் புடிச்சுக்கிட்டு வெச்சே."

தலையை ஆட்டினான். உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் டாக்டரம்மாவிடம் போகக் கூப்பிட்டான்.

இப்போது அவனுக்கு இரண்டு விதமான ஊசி. நாளெல்லாம் மெதுவாக வேலை செய்வது ஒன்று. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது இன்னொன்று. உன்னைப் போல ஒரே நாளில் எல்லாம் தெரிந்தவராக அந்தம்மா பேசவில்லை. கொஞ்சம் மாற்றுவார், சில நாள் பார்க்கச் சொல்வார், எண்களைக் கேட்பார், மறுபடி கொஞ்சம் மாற்றுவார். "எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு எனக்கே தெரியாது" என்றார். தெரியாது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? உன்னோடு பழகிய காலம் முழுவதும் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் சர்க்கரை ஏறித்தான் நின்றது. "அப்பாவோட அளவே தேவல" என்று முனகினான். கவிதா முறைத்தாள், அடங்கினான். மெல்ல மெல்லப் படிந்து வந்தது. இப்போது லோடு ஏற்றும் நாளில் தானே குறைத்துக்கொள்கிறான். பட்டினி கிடக்காமல் டாக்டரிடம் போகிறான். மூன்று மாதச் சராசரி இறங்கியிருக்கிறது. எண் ஏறினால் திட்ட யாரும் இல்லாததால் ஏறியதை மறைப்பதும் இல்லை.

இதற்குள் உன் வருஷத் திதி வந்துவிட்டது. பிண்டம் வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்தான். முன்கூட்டியே டாக்டரம்மாவைக் கேட்டான். நாளெல்லாம் வேலை செய்யும் ஊசியை நிறுத்தக்கூடாது, இவனுக்கு இவ்வளவு குறைத்தால் போதும், சாப்பாடு இல்லாத வேளைக்குச் சாப்பாட்டு ஊசி வேண்டாம், அடிக்கடி சோதித்துப் பார்க்கவேண்டும், குறைந்தால் சடங்கைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட வேண்டும் என்றார்.

"கீழ எறங்குச்சுன்னா அப்பாவுக்கு வெச்ச சோத்தையே எடுத்து வாயில போட்டுக்கறனுங்க மாமா" என்றான் என்னிடம். உன் மகனுக்குக் கேலி பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீ பேச இடம் விட்டால்தானே?

அதே காவிரிக்கரை. ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். நடுவில் விரலைக் குத்திப் பார்த்தான். உன் பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிண்டத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். விட்டான். இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றான்.

பின்னால் மேக்காட்டுக்காரர் குரல் கேட்டது. "போன வருசம் அப்பிடி உழுந்தவன், இந்த வருசம் பாருங்க, கல்லாட்டம் நிக்கறான். பாசமெல்லாம் ஒரு வருசத்துக்குத்தான்."

அவர் நின்ற இடத்திலிருந்து அவனுடைய முதுகுதான் தெரியும். நான் பக்கத்தில், கையில் பாக்கெட்டோடு தண்ணீரில் நின்றிருந்தேன். அவன் அழுதான், மச்சான். சத்தம் இல்லாமல், தேம்பித் தேம்பி, நன்றாக அழுதான். முழு நினைவோடு அழுதான். கரையேறும்போது, "எல்லாம் பாத்தனுங்க மாமா" என்றான். பாக்கெட்டை நான் பிரிக்கவே இல்லை.

நீ செய்ததற்கெல்லாம் இவ்வளவு அழுகை அதிகம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது உனக்கு வந்தது, வாங்கிக்கொள். ஆற்றங்கரையில் அன்று கிடைத்தது போலி. இதுதான் அசல்.

இப்போது ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை உன் மகன் உனக்காக இன்னொரு முறை விழமாட்டான். அழுவான், அதை நான் தடுக்கமாட்டேன். நின்றுகொண்டு அழட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கையின் புருஷன், உன் பேத்தியின் இன்னொரு தாத்தா,
செங்கோடன்

(கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மையைத் தேடாதே.)