இரண்டு அண்ணன்களில் ஒருவர்

அக்கா,

ஆய்வகத்து மருத்துவர் இன்று காலை தொலைபேசியில் உறுதி செய்தார். ஸ்ரெப்ரெனிட்சா மலைச்சரிவில் கிடைத்த எலும்புகள், தொண்ணூற்றைந்து போரில் ஊர் ஆண்களோடு கொல்லப்பட்ட நம் அண்ணன்களில் ஒருவருடையவை. எமிரா ரிஃபெத்தா என்று அம்மாவின் ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாதாம்.

"யாருக்காவது பிள்ளை இருந்தா தெரிஞ்சிடும்" என்றார். இல்லை என்றேன். ஆறு ஆண்டுகளாகக் காணாமல் போனோர் படிவங்களில் 'வாரிசு இல்லை' என்று எழுதியது இந்தக் கைதான்.

அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த காபியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எவன்னு தெரிஞ்சு என்னடா ஆகப்போவுது? ரெண்டும் நான் பெத்ததுதானே."

"கல்லுல ஒரு பேரு வெட்டணுமேம்மா!" என்று கத்தினேன். அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னாள்: "எமிருக்கு ஒரு பொண்ணு இருக்கா. உங்கக்காவுக்குத் தெரியும்."

முப்பது ஆண்டுகள், அக்கா! ஞாயிறுதோறும் மால்மோவிலிருந்து கூப்பிட்டு அங்கே பெய்யும் பனியைப் பற்றிச் சொல்கிறாய். கல்யாணத்துக்கு முன்பே பிறந்தவள் என்று ஊர் பேசும் என்றா மறைத்தீர்கள்? பேசுவதற்கு அந்த ஊரில் யார் மிச்சம்?

அம்மா சொன்ன பெயரை வைத்து அந்தப் பெண்ணின் தாயைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தேன். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா உங்களுக்கு?" என்றாள். மகளுக்கு வேறொருவரைத்தான் அப்பா என்று சொல்லி வளர்த்திருக்கிறாள். உண்மையைச் சொல்லி, ரத்தம் கொடுப்பாளா என்று கேட்டுப் பார்ப்பாளாம்.

ஜூலை பதினொன்றில், இந்த ஆண்டு அடையாளம் தெரிந்த மற்றவர்களோடு அடக்கம் செய்ய, ஜூன் இருபதுக்குள் பெயர் தர வேண்டும். பரிசோதனைக்கு மூன்று வாரமாகும். மகளின் பதில் வியாழக்கிழமை வரும். நீ அந்த மகளைப் பார்த்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். எமிர் அண்ணன் ஜாடையா என்று அதற்குள் எழுது.

உன் தம்பி