பட்டை கட்டாத நாய்

தம்பிக்கு,

இனி ஆட்டுப்பட்டியில் இரவு முழுக்க நெருப்பு எரியட்டும். கழுதைப்புலிகள் கீழே இறங்கிவிட்டன. உன் நாய் குராச்சாவைத் தேடி நீ சனெத்தி மேட்டுக்கு வர வேண்டாம்.

ஊர் நாய்களுக்கு வெறிநோய் ஊசி போட்டுக் கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டிய அன்று, "ஊசி போட்டா நாயோட கோவம் செத்துடும்ணே, அப்புறம் கழுதைப்புலியை யாரு வெரட்டுவா?" என்று அதைப் புதரில் ஒளித்துவைத்தாய். வனக்காவலனான நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்றுக் காலை அது ஓநாய்க் குட்டிகளின் வளையருகே நின்றது. அருகிப்போன ஓநாய்களைப் பார்க்க நடந்து வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பட்டை இல்லாத நாய். ஒரு கடி கடிச்சா ஓநாய்க் கூட்டமே போயிடும்," என்றார் விடுதி மேலாளர் கெடாச்சு. "வளைகிட்ட சுடாதே, குட்டிங்க மிரளும். உன் தம்பியோட நாய்தானே? கூப்பிட்டு வரவெச்சுச் சுடு. அவங்க கைகழுவுறதுக்குள்ள முடி."

என் குரலுக்கு அது வரவில்லை. நீ அடிக்கும் சீழ்க்கையை அடித்தேன்.

வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. என் காலருகே நின்று, எனக்குப் பின்னால் உன்னைத் தேடியது.

உன் அண்ணன்