போல்ட்டில் சிவப்புக் கோடு

சனிக்கிழமை இரவு, வில்பட்டி.

பாதுகாப்புச் சோதனைக்குப் போன இடத்தில், கூட்டம் வரிசையில் நிற்கும்போதே, கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைனை நிறுத்தினேன்.

கம்பியைத் தாங்கும் கம்பத்து போல்ட்டெல்லாம் பளபளவென்று இருந்தன. "இதுல என்னங்க குறை?" என்றார் முதலாளி. ஃபிட்டர் காதர் பாய் சிரித்தார். "பாசி புடிக்குதுன்னு வாராவாரம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுறேங்க. பத்திரத்துக்கு இன்னொரு சுத்து இறுக்கியும் வச்சிருக்கேன்."

எனக்குப் பயமே அந்த இரண்டும்தான். விறைப்பாக இழுபடும் வலுவான ஸ்டீலில் குளோரின் பட்டால், துருவே தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் ஓடும். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துக் காத்திருந்தேன்; விரிசல் இருந்தால் அதில் இறங்கிய சாயம் பொடியில் ஊறித் தெரியும். நான்காவது போல்ட்டில் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

"சாயத்தைச் சரியாத் தொடைக்கலங்க," என்றார் முதலாளி.

காதர் பாய் அந்த போல்ட்டில் ஸ்பானரை மாட்டிக் கால் சுற்றுதான் திருப்பினார். போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது. வரிசையைப் பார்த்து அவரே கத்தினார்: "இன்னைக்குக் கெடையாதுங்க, கெளம்புங்க!"

அந்தத் தலை இப்போது என் மேசையில் இருக்கிறது. மறுமுனைக் கம்பத்தை இன்னும் பார்க்கவில்லை. நாளை வெள்ளனே போக வேண்டும்.

வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். திட்டட்டும். எல்லாரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.