மருந்துக்கடைக்காரியை ஏன் விட்டுவிட்டாய்?

ஜூன் 4

அடி வாயாடி,

காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் என் ஒன்பதாவது அத்தியாயத்தை முடித்தேன். "மந்திரக் கதை படிச்சே மண்டை குழம்பிடப் போகுது" என்று என் வீட்டுக்காரர் கிண்டல். கல்லூரி நாளிலிருந்து நமக்குள் இருக்கும் ஒப்பந்தம் அவருக்கு எங்கே புரியும்? இரண்டு காலத்தில் நடக்கும் நாவல் என்றால் பழைய காலம் எனக்கு, இந்தக் காலம் உனக்கு. ஆளுக்கொரு பிரதி. அடுத்தவள் அத்தியாயத்தைத் தொடாமல், கடிதத்தில் கதை சொல்லியே மர்மத்தை அவிழ்க்க வேண்டும்.

என் பக்கம் சூடு பிடித்துவிட்டது. கப்பல் தலைவனைக் காதலித்து ஏமாந்த ஒருத்தி மாயக் கண்ணாடி செய்திருக்கிறாள். பார்ப்பவரிடம் உண்மையை மறைப்பவர்களின் முகம் அதில் தெரியும். அவளுக்குத் தெரிந்தவை இரண்டு: அவன் முகம், அவளுடைய உயிர்த்தோழியின் முகம். இனி யார் பார்த்தாலும் அவரவரிடம் மறைக்கும் இரண்டு பேரின் முகம்தான் தெரியுமாம். உன் பக்கத்தில் அதே கண்ணாடியை ஏலத்தில் எடுத்த டாக்டரம்மாவுக்கு யார் யார் தெரிகிறார்கள்? போன தடவை போல இழுத்தடிக்காதே.

உன்
நெட்டை

ஜூன் 15

அன்பு நெட்டைக்கு,

விடைத்தாள் திருத்தியே விரல் வீங்கிவிட்டது, கோபிக்காதே. என் பக்கத்தில் ஒரே முகம்தான், அவள் புருஷன். அவனும் பிறந்தநாள் பரிசைத்தான் ஒளித்து வைத்திருக்கிறான். உன் வீட்டுக்காரரைப் போலவே அப்பாவி. கதை சப்பென்று போகிறதுடி. விட்டுவிட்டு வேறு எடுப்போமா?

வாயாடி

ஜூன் 21

வாயாடி,

ஒப்பந்தத்தை மீறிவிட்டேன். ஒரு முகம் கணக்கில் வரவில்லையே என்று உன் அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்தேன்.

புருஷன் ஒளித்து வைத்திருப்பது பரிசை அல்ல, ஒருத்தியை. கண்ணாடியில் தெரியும் இரண்டாவது முகம் டாக்டரின் தோழியான மருந்துக்கடைக்காரி. அதைக் கண்ணால் பார்த்தவள். பார்த்தும் வாய் திறக்காதவள். முதல் அத்தியாயத்திலிருந்தே வருகிறாள். ஜன்னல் திரையின் நிறத்தைக்கூட விடாமல் எழுதும் நீ, அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்தப் புருஷனை மட்டும் என் வீட்டுக்காரரைப் போலவே அப்பாவி என்றாய்.

என் வீட்டுக்காரரை எங்கே, யாருடன் பார்த்தாய்?

ஜூன் 27

நெட்டை,

இரண்டு வருடத்துக்கு முன்னால், ரயில் நிலையத்தில். அவர் அலுவலகத்துப் பெண், தோளில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா, நானே முடிச்சுக்கறேன்" என்று கெஞ்சினார். உன் மகளுக்கு அப்போது பரீட்சை. உன் நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். அவர் முடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பாயே என்ற பயம் வந்துவிட்டது. திட்டுடி. ஆனால் எழுது.

வாயாடி

ஜூலை 2

வாயாடி,

போன விடுமுறைக்கு நீ வந்தபோது அவர்தான் கதவைத் திறந்தார். "வாங்க, உங்க ஃப்ரெண்டு காலையிலேர்ந்து வாசலையே பார்த்துட்டிருக்கா."

"அவளுக்கு வேற வேலை என்ன?" என்று நீ சிரித்தாய்.

இருவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தீர்கள், எல்லாம் தெரிந்தவர்களாக. நான் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் செய்தது வலிக்கிறது. ஆனால் நடுராத்திரியில் விழித்துக்கொண்டால் காதில் விழுவது உன் சிரிப்புதான். அவரைப் பற்றி அழ வேண்டுமென்றால் நான் ஓடி வந்திருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அதையும் எடுத்துக்கொண்டாய்.

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேறு ஊர்க் கிளைக்குப் பொறுப்பேற்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டை எப்படி விடுவது என்று மறுக்க இருந்தேன். திங்கட்கிழமை சரி என்று சொல்லப் போகிறேன். தனியாகத்தான் போவேன். அவருக்குத் தெரியாது, விடுதியில் இருக்கும் மகளுக்கும் தெரியாது. இப்படி ஒன்றை முடிவு செய்தால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன். பழக்கம், எழுதிவிட்டேன்.

அனுப்பப் போவதில்லை.