மருமகளின் சிவப்பு அங்கி

மகன் தேஷெங்குக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பேத்தியின் பள்ளிச் சமையலறை வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானே எழுதும் முதல் கடிதம் இது! பேத்தி யான்லிங் சீன மொழித் தேர்வுக்குப் படித்தபடியே எனக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

நேற்று அவள் எழுதிப் பழகிய கட்டுரையை நானே வாசித்தேன். 'தேர்வன்று மற்ற அம்மாக்களைப் போல என் அம்மாவும் ராசியான சிவப்பு அங்கியில் வாசலில் நிற்பாள்' என்று முடித்திருக்கிறாள்.

"தாத்தா, அம்மா ஏன் ஃபோனே எடுக்கல?"

"நாத்து நடவு வேலைடா கண்ணு."

"பொய் சொன்னா உங்க காது செவக்குது!"

தேர்வு முடியும்வரை அவள் அம்மாவின் சாவைச் சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. வழக்கப்படி மருமகளின் துணிகளை எரிக்கும்போது அந்தச் சிவப்பு அங்கியை மட்டும் எடுத்து அனுப்பு. தேர்வன்று வாசலில் அவளுக்குப் பதில் நான் போட்டுக்கொண்டு நிற்கிறேன். பேத்தி சிரித்துக்கொண்டே உள்ளே போகட்டும்.

கடைசித் தாள் முடிந்து அவள் வெளியே வரும்போது நீ இங்கே இரு. தனியாக என்னால் சொல்ல முடியாது.

சோற்று மணி அடித்துவிட்டது.

அப்பா